பழைய டிராக்டரை மீட்டெடுத்தல்: கடலூர், புதுச்சேரிப் பகுதியில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பழைய டிராக்டர் ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து நிறுத்தியவுடன் அதைக் கடைசி நட்டு வரை பிரித்துவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் பாதி பிரித்த நிலையில் துருவேறிக் கிடக்கும் வண்டிகளில் பலவும் அந்த ஆசையால் கெட்டவையே. பிரித்த பாகங்கள் சாக்குகளில் கலந்துபோகும், கைப்பணம் தீரும், சம்பா உழவு தொடங்கியதும் மெக்கானிக் வயல் வண்டிகளின் பின்னால் போய்விடுவார். எனவே வண்டியை எப்போதும் நான்கு சக்கரத்தில் நிற்கும் நிலையில் வைத்துக்கொண்டு, ஓர் அமைப்பைத் திறந்து, சரிசெய்து, மூடி, ஓடவிட்டுப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுவது என்ற முறையில்தான் இக்கட்டுரை அமைந்துள்ளது. பொழுதுபோக்காகச் செய்பவருக்கு அவசரம் இல்லை என்பதே பெரிய வசதி. அதை வீணாக்க வேண்டாம்.

எந்த வண்டியை வாங்குவது

முதல் வண்டியை அதன் அழகைப் பார்த்து வாங்காமல், உதிரிபாகம் கிடைப்பதைப் பார்த்து வாங்குங்கள். சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாஸி ஃபெர்குசன் 1035 தமிழ்நாட்டில் பரவலாகப் புழங்கிய வண்டி என்பதால், அதன் மூன்று சிலிண்டர் சிம்சன் இன்ஜினுக்கு வேண்டிய கேஸ்கட், ரிங், பேரிங் முதலியவற்றைத் தேடி அதிகம் அலைய வேண்டியிருக்காது. அதைப் பிரித்துப் பழகிய கைகளும் ஊருக்கு ஊர் உண்டு. நான்கு சிலிண்டர் கொண்ட மகிந்திரா பி-275, எஸ்கார்ட்ஸ் தயாரித்த ஃபோர்டு 3600 ஆகியவையும் தொடக்கநிலையாளருக்கு ஏற்றவை. இரண்டு சிலிண்டர் எச்எம்டி ஜீட்டர் 2511, காற்றால் குளிரும் பழைய ஐஷர் போன்றவை பார்க்கவும் கேட்கவும் இனிமையானவைதான்; ஆனால் எச்எம்டியின் டிராக்டர் பிரிவை மூட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்துவிட்டது, பழைய ஐஷருக்கோ நம் பக்கத்தில் அனுபவமுள்ள ஆள் குறைவு. அவற்றை இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளலாம்.

மாடலைவிட முக்கியமானது, அந்த வண்டி எந்த மண்ணில் என்ன வேலை செய்தது என்பது. இதை விற்பவரிடம் தயங்காமல் கேளுங்கள், ஏனென்றால் தேய்மானம் எங்கே இருக்கும் என்பதை அதுவே பெரும்பாலும் சொல்லிவிடும். காட்டுமன்னார்கோயில், சிதம்பரம், பாகூர் பக்கத்து நெல்வயல்களில் கேஜ்வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றுழவு செய்த வண்டியில் முன்சக்கர ஹப், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின், பின் ஆக்சில் ஆயில் சீல், பிரேக் ஆகிய இடங்களுக்குள் சேறு புகுந்திருக்கும். இன்ஜின் ஓரளவு நன்றாக இருந்தாலும் கீழ்ப்பகுதி களைத்திருக்கும். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு லோடு இழுத்த வண்டியில் கிளட்ச், கியர் பற்கள், ஸ்டீயரிங், டிரெய்லர் கொக்கி பொருந்தும் பகுதி ஆகியவை தேய்ந்திருக்கும். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண்ணில் முந்திரித் தோப்பிலும் மணிலாக் கொல்லையிலும் புழுதி உழவு ஓட்டிய வண்டியில், ஏர் கிளீனரைக் கவனிக்காமல் விட்டிருந்தால் சிலிண்டரின் உள்ளுறையான லைனரும் பிஸ்டனைச் சுற்றிய ரிங்கும் போயிருக்கும். மூன்றில் முதலாவதையே நான் தேர்ந்தெடுப்பேன். ஹப்பும் சீலும் மலிவு, இன்ஜின் வேலை அப்படியல்ல.

ஆவணம்

ஆவணம் இல்லாத வண்டியை அலங்காரப் பொருளாக வைத்துக்கொள்ளலாமே ஒழியச் சாலையில் இறக்க முடியாது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பவையோடு ஒத்துப்போகின்றனவா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே துடைத்துப் படித்துப் பாருங்கள். இன்ஜின் மாற்றப்பட்டிருந்தால் அது பதிவாகியிருக்க வேண்டும். 1993இல் தென்னாற்காடு மாவட்டம் பிரிக்கப்படுவதற்கு முன் பதிவான வண்டியானால், அதன் விவரம் மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகன் இணையதளத்தில் ஏற்றப்பட்டுள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. வங்கிக் கடன் குறிப்பு இன்னும் நீக்கப்படாமல் இருந்தால் விற்பவர் மூலமாகவே படிவம் 35 கொடுத்து நீக்கச் செய்யுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவையும், பதினைந்து ஆண்டு கடந்த பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25உம் தேவை.

நம் பகுதிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. புதுச்சேரி மண்ணும் தமிழ்நாட்டு மண்ணும் ஊருக்கு ஊர் பின்னிக்கிடப்பதால், பாகூரில் வாங்கிய வண்டியைச் சில கிலோமீட்டர் தள்ளிக் கடலூர்ப் பக்கம் கொண்டுவந்தாலே அது வேறு மாநில வண்டியாகிவிடும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருப்பதானால் பழைய அலுவலகத்தில் படிவம் 28 மூலம் தடையின்மைச் சான்று பெற்றுப் புதிய பதிவெண் வாங்க வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு என்பதையும் மறக்க வேண்டாம்.

இடமும் கருவிகளும்

மேலே கூரையும் கீழே சிமென்ட் தரையும் இருந்தால் போதும். கடற்கரையோர மணல் தரையில் வேலை செய்வதானால் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை போடாமல் தூக்கக் கூடாது, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவும் கூடாது. சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய மரக்கட்டைகளின் மேல் வண்டி உட்கார்ந்திருக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய பின்சக்கரம் ஒன்று இருநூறு கிலோவைத் தாண்டும் என்பதால் அதைச் சாய விடாமல் பிடிக்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும்.

மாஸி, மகிந்திரா பி-275 போன்ற வண்டிகளின் வடிவமைப்பு பிரிட்டனிலிருந்து வந்ததால் போல்ட்டுகளில் பெரும்பாலானவை அங்குல அளவில் இருக்கும். எனவே 7/16, 1/2, 9/16, 3/4 அங்குல ரிங் ஸ்பேனர்களை முதலில் வாங்குங்கள். ஜீட்டர் வழி வந்த வண்டிகளுக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர் தேவை. தொலைந்த போல்ட்டுக்குப் பதிலாக ஹார்டுவேர் கடையில் கிட்டத்தட்டப் பொருந்தும் மில்லிமீட்டர் போல்ட்டை வாங்கி முறுக்கினால் வார்ப்பில் உள்ள மரை அறுந்துவிடும். பழைய போல்ட்டைக் கையில் எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குவதே வழி. இவற்றோடு இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர், சிறு இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜ், கிரீஸ் கன், பிரிக்கும் ஒவ்வொரு படியையும் படம் எடுக்க ஒரு கைப்பேசி ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். செயின் பிளாக், புல்லர் போன்றவற்றைத் தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பிரிப்பதற்கு முன்

ஓடும் நிலையில் உள்ள வண்டியானால், குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பாருங்கள். உங்களுக்குக் காட்டுவதற்காக விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். தொடர்ந்து கரும்புகை வந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம் என்று பொருள். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டுகிறது. சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லையென்றால் எரியாத டீசலோ தண்ணீரோ வெளியேறுகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று அடிப்பது ரிங்கும் லைனரும் தேய்ந்ததன் அடையாளம்.

ஓடாத வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது ஆயில். ஒரு நாள் முழுவதும் அசையாமல் நின்ற வண்டியின் இன்ஜின் வடிகால் போல்ட்டை மெல்லத் தளர்த்தினால், தண்ணீர் கனமானது என்பதால் ஆயிலுக்கு முன் அதுவே சொட்டும். கியர் பாக்ஸிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஏற்கனவே கலந்துவிட்டது.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 நவம்பர் வெள்ளத்திலோ, 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருகியபோதோ தண்ணீரில் நின்ற வண்டி மலிவாகக் கிடைக்கலாம். அத்தகைய வண்டியைச் செல்ஃப் மோட்டார் போட்டுச் சுற்றிப் பார்ப்பதோ, வேறு வண்டியால் இழுத்து கியரில் போடுவதோ கூடவே கூடாது. சிலிண்டருக்குள் தேங்கிய தண்ணீர் காற்றைப்போல் அழுந்தாது. பிஸ்டன் அதன் மேல் மோதும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசில்களை எல்லாம் கழற்றிவிட்டு, முன்பக்கக் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) புல்லி போல்ட்டில் ஸ்பேனர் மாட்டிக் கையால் சுற்றினால் தண்ணீர் நாசில் துளை வழியாகப் பீய்ச்சி வெளியேறும்; முகத்தை அங்கே வைக்காதீர்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி சுற்ற வேண்டும்.

இன்ஜின் இறுகியிருந்தால், டீசலும் மெல்லிய ஆயிலும் கலந்து நாசில் துளை வழியாக ஊற்றி ஊறவிடுங்கள். சில நாட்களுக்கு ஒருமுறை முன்னும் பின்னுமாகச் சற்றே அசைத்துப் பார்த்து, குறைந்த அளவை மீண்டும் நிரப்புவதுதான் முறை. நீண்ட குழாய் மாட்டிய கம்பியால் முழுப் பலத்தையும் கொடுத்தால் புல்லி போல்ட் உடையும், இல்லையேல் துருவேறிய ரிங் லைனரைக் கீறும். பொறுமையாக ஊறவைத்தும் அசையாவிட்டால் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

ஆயில் எல்லாவற்றையும் வடித்து, அடிச்சட்டியைக் கழற்றிக் கையால் துடைத்த பிறகே புதிய ஆயில் ஊற்றுங்கள். உப்பங்கழித் தண்ணீரில் நின்ற வண்டியானால் டைனமோ, செல்ஃப் மோட்டார், பேட்டரி வயர்கள் ஆகியவற்றைப் பற்றி நம்பிக்கை வைக்க வேண்டாம்.

டீசல் வழி

நீண்டகாலம் நின்ற டாங்கில் துரு, தண்ணீர், கசடு மூன்றும் இருக்கும். டாங்கை இறக்கி, உள்ளே ஒரு கைப்பிடி சிறு ஜல்லியும் சிறிது டீசலும் போட்டு நன்றாக உலுக்கி, கசடு வருவது நிற்கும் வரை கழுவி வெயிலில் காயவையுங்கள். குழாய்களை ஊதிப்பார்த்து, ஃபில்டர்களைப் புதிதாக மாற்றுங்கள்.

இன்ஜெக்‌ஷன் பம்பையும் நாசில்களையும் வீட்டில் திறக்க வேண்டாம். அவற்றின் பொருத்தங்கள் மைக்ரான் அளவிலானவை. டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் பம்பு பட்டறையில் கொடுத்துக் காலிபரேஷன் செய்து வாங்குங்கள். பம்பைக் கழற்றுவதற்கு முன் அதன் ஃபிளாஞ்சிலும் இன்ஜின் உடலிலும் குறுக்காக ஒரு கோடு கீறி வைப்பது, திரும்ப மாட்டும்போது டைமிங் தவறாமல் காக்கும். நாசிலைச் சோதிக்கும்போது சிதறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அழுத்தம் உடையது என்பதால் அதன் எதிரில் கையை வைக்கவே கூடாது; பட்டுவிட்டால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் மாட்டியதும் ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். டாங்கிலிருந்து தொடங்கி இன்ஜினை நோக்கிப் போங்கள்: முதலில் ஃபில்டர் தலையில் உள்ள திருகு, அடுத்து பம்பில் உள்ள திருகுகள், கடைசியாக நாசிலில் முடியும் குழாய்களின் நட்டு. ஃபில்டரிலும் பம்பிலும் ஃபீட் பம்பின் கைப்பிடியை அசைத்துக்கொண்டும், நாசில் குழாய்களில் இன்ஜினைச் சுற்றவிட்டும், குமிழி இல்லாமல் டீசல் மட்டும் வரும்போது ஒவ்வொன்றையும் மூடுங்கள். இந்த வரிசை மாறினால் ஏர் லாக் தீராது.

முதல் ஸ்டார்ட்

நீண்டகாலம் நின்ற இன்ஜினை முதன்முதல் ஓடவிடும் நாளில் அருகில் ஒருவர் ஏர் கிளீனர் குழாயைக் கழற்றிவிட்டு, காற்று நுழையும் வாயை மூடத்தக்க தட்டையான மரப்பலகையோடு நிற்க வேண்டும். பம்பின் உட்பகுதி ஒட்டிக்கொண்டாலோ, அளவுக்கு மீறி ஊற்றிய ஆயில் சிலிண்டருக்குள் ஏறினாலோ இன்ஜின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். அப்போது சாவியும் ஸ்டாப் கம்பியும் பயன்படாது, காற்றை அடைப்பது ஒன்றே வழி. கையால் மட்டும் மூடப் போகாதீர்கள். ஆயில் பிரஷர் சில நொடிகளில் ஏறவில்லையென்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.

இன்ஜினைத் திறப்பது எப்போது

இன்ஜின் ஒழுங்காக ஓடி, ஆயில் பிரஷரும் இருந்தால் அதைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை. வால்வுகளை இயக்கும் டாப்பெட்டின் இடைவெளியைச் சரிசெய்துவிட்டு மற்ற வேலைகளுக்குப் போகலாம். சிம்சன் போன்ற, பெர்கின்ஸ் வழி வந்த மூன்று சிலிண்டர் இன்ஜின்களில் அது குளிர்ந்த நிலையில் 0.30 மி.மீ.; பிற வண்டிகளுக்கு அவற்றின் கையேட்டைப் பாருங்கள். இந்த மூன்று சிலிண்டர் இன்ஜின்களின் ஃபயரிங் வரிசை (சிலிண்டர்களில் டீசல் எரியும் முறை) 1-2-3, நான்கு சிலிண்டரில் பொதுவாக 1-3-4-2.

திறக்க நேர்ந்தால், ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று தவணைகளில் டார்க் ஸ்பேனரால் இறுக்குவதும், கழற்றும்போது அதற்கு எதிர்வரிசையில் தளர்த்துவதும் ஹெட் வளையாமல் காக்கும். லைனரின் தேய்மானத்தை மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, ரிங் நின்று திரும்பும் இடத்தில் அளக்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் அது அதிகம். கிராங்க் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் கிரைண்டிங் செய்து பத்து, இருபது, முப்பது என்று சொல்லும் சைஸ் பேரிங்குகளைப் பொருத்துவார்கள். அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு சிறிதாக்கப்பட்டது என்ற கணக்கு. ஏற்கனவே முப்பதுக்கு வந்துவிட்ட கிராங்க்கை மேலும் தேய்ப்பதைவிட வேறு கிராங்க் தேடுவது நல்லது. எந்தப் பட்டறையானாலும் கிரைண்டிங் முடிந்த பிறகு ஆயில் துளைகளை நீங்களே கம்பி விட்டுக் கழுவிப் பாருங்கள்.

குளிர்விப்பில் நம் பகுதிக்குரிய கவனம் ஒன்று உண்டு. கடலோர ஊர்களின் போர்வெல் தண்ணீர் உவர்ப்பாக இருப்பதால் அதையே ரேடியேட்டரில் ஊற்றிவந்த வண்டிகளில் உப்புப் படிந்து வழிகள் அடைபட்டிருக்கும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகு மழைநீரோ ஆர்.ஓ. நீரோ கலந்த கூலன்ட் மட்டும் ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது நம்மூரில் பரவலான வழக்கம். இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராமலே ஓடுவதால் சிலிண்டர் தேய்மானம் கூடுகிறது. புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள்.

இரண்டாகப் பிரித்தல்

கிளட்ச் மாற்ற வேண்டுமானால் வண்டியை இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையே பிரிக்க வேண்டியிருக்கும். இதுவே புதியவர் கை வைப்பவற்றுள் ஆபத்தானது. முன் ஆக்சில் நடுவிலுள்ள ஒரே பின்னில் ஊஞ்சல்போல ஆடக்கூடியது. பிரித்தவுடன் முன்பகுதி பக்கவாட்டில் கவிழ்ந்துவிடும். ஆகவே போல்ட்டைத் தொடுவதற்கு முன் ஆக்சிலுக்கும் அதன் தாங்கிக்கும் இடையே இருபுறமும் மர ஆப்பு அடித்து இறுக்கி, கியர் பாக்ஸுக்குக் கீழே அசையாத தாங்கியும் இன்ஜினுக்குக் கீழே உருளும் தாங்கியும் வைத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகு, முன்பகுதியை மட்டும் மெல்ல உருட்டி நகர்த்துங்கள். அந்த வாய்ப்பில் கிளட்ச் பிளேட்டோடு ரிலீஸ் பேரிங், இன்ஜின் பின் ஆயில் சீல் ஆகியவற்றையும் மாற்றிவிடுங்கள். மறுபடி பிரிக்கும் வேலையோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை ஒன்றுமில்லை.

மாஸி 1035 போன்ற வண்டியில் கியர் பாக்ஸும் ஹைட்ராலிக் லிஃப்ட்டும் ஒரே ஆயிலையே பகிர்ந்துகொள்கின்றன. லிஃப்ட் தூக்கவில்லை, தூக்கியதைத் தாங்கவில்லை என்றால் பம்பை மாற்ற ஓடுவதற்கு முன் ஆயிலின் அளவையும் நிறத்தையும் பாருங்கள். சேற்றுழவு வண்டிகளில் தண்ணீர் கலந்த ஆயிலே காரணமாக இருப்பதுண்டு. கலப்பை மாட்டித் தூக்கிய நிலையில் அதன் கீழ் வேலை செய்யக் கூடாது.

பிரேக், ஸ்டீயரிங், சக்கரம்

இடது, வலது பிரேக்குகள் ஒரே அளவில் பிடிக்க வேண்டும். சாலையில் போகும்போது இரு பெடல்களையும் இணைக்கும் கொக்கி பூட்டியிருக்க வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் கிங் பின், புஷ் தேய்மானம் தெரிந்துவிடும். டயரில் உவர்த்தண்ணீர் நிரப்பப்பட்டிருந்தால் ரிம் உள்பக்கமாக அரித்திருக்கும். டயரைக் கழற்றாமல் இது தெரியாது, எனவே கழற்றிவிடுங்கள்.

வயரிங் எளிது. பழைய வயர்களை எல்லாம் உருவிவிட்டு, ஃபியூஸ் வைத்துப் புதிதாக இழுத்துவிடுவது நல்லது.

தகரமும் பெயின்ட்டும்

கடல் காற்றில் உப்பு இருப்பதால் இங்கே துரு திரும்பி வராமல் தடுப்பதுதான் பெயின்ட் வேலையின் பெரும்பகுதி. முதலில் நல்ல தண்ணீரில் கழுவி உப்பை நீக்காமல் உப்புத்தாள் போட்டால் உப்பைத் தேய்த்துப் பரப்பியதாகவே முடியும். டிங்கர் வேலை முடிந்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி பூசிக் கழுவி, தகரம் உலர்ந்த அன்றே ப்ரைமர் அடித்துவிட வேண்டும். ஓர் இரவு திறந்து கிடந்தாலும் மெல்லிய துரு படரும். சாதாரண ரெட் ஆக்சைடைவிட எபாக்சி ப்ரைமர் கடலோரத்தில் நீடிக்கும், விலை கூடினாலும் அதையே பரிந்துரைப்பேன். வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி, கார்த்திகையில் பெயின்ட் அடிப்பதை விட்டுவிடுங்கள். ஈரக்காற்றில் மேற்பூச்சு வெளுத்துவிடும். மாசி முதல் சித்திரை வரை, கடல்காற்று வீசத் தொடங்காத காலை வேளை ஏற்றது.

மற்ற எல்லா வேலையும் முடிந்து, வண்டி ஓடி, ஒழுகல் இல்லை என்று உறுதியான பிறகே பெயின்ட். முன்னதாக அடித்தால் டீசல் ஒழுகி அதைத் தின்றுவிடும்.

பழக்கி ஓட்டுதல்

இன்ஜினில் புதிய ரிங், லைனர் போட்டிருந்தால் நீண்ட நேரம் ஐட்லிங்கில் விடாதீர்கள். சுமையில்லாமல் சுற்றும் ரிங் லைனரில் படிந்து உட்காராது. இலகுவான டிரெய்லர் வேலை, பிறகு ஈரமில்லாத கொல்லையில் கலப்பை என்று படிப்படியாகச் சுமையைக் கூட்டுங்கள். சுமார் 50 மணிநேரம் ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். டாப்பெட் இடைவெளியைத் திரும்பப் பாருங்கள். கேஸ்கட் அப்படிக் கோரும் வகையானால் ஹெட் போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிச் சரிபாருங்கள். வடித்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தால் பேரிங் துகள் மினுங்குகிறதா என்பது தெரியும். மினுங்கினால் அடிச்சட்டியை மறுபடி கழற்ற வேண்டியதுதான், இல்லையென்றால் பழைய ஆயிலைக் கேனில் சேர்த்து அங்கீகரிக்கப்பட்ட பழைய ஆயில் வாங்குவோரிடம் கொடுத்துவிடலாம்.